மழை நின்று 23 நாள். ஓடையில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஓடைக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது.

நான் காலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு ஓடை குறுக்கிடும். பெரிதாக ஒன்றுமில்லை, ஓங்கி ஒரு தாவு தாவினால் அக்கரை. மழைக்காலத் தொடக்கத்தில் அதன் மடு ஒன்றில் கழி நட்டு, சென்டிமீட்டர் கோடுகள் போட்டு வைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமே. கடைசியாக நல்ல மழை பெய்து இன்றோடு 23 நாள். மழைக்கு மறுநாள் கழியில் 31 இருந்தது. இன்று காலை 19. குறைந்திருக்கிறது, சரி. ஆனால் நிற்கவில்லை. இரவு பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மேலே ஏரியோ குளமோ இருக்கும் என்று நினைத்து, மழை முடிந்த மூன்றாம் நாள் ஓடையைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். முள்ளும் புதருமாக இரண்டு மணி நேரம். ஓடை முதலில் இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கக் கிளையில் போனேன். அதுவும் இரண்டானது. அப்புறம் கையகலத் தண்ணீர். ஒரு சாய்ந்த பாறையின் அடியில் அதுவும் முடிந்தது. பாறைக்கு மேலே வெறும் சருகுதான். ஏரியும் இல்லை, பாறையைப் பிளந்துகொண்டு பாயும் ஊற்றும் இல்லை. போன வாரம் மறுபடி ஏறிப் பார்த்தேன். இந்த முறை சாய்ந்த பாறை காய்ந்து கிடக்கிறது, அதற்கு எண்பது தப்படி கீழேதான் தண்ணீரே கண்ணில் படுகிறது. ஓடையின் தொடக்கம் தானாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது!

இன்னொன்று. அந்தக் கடைசி மழை பெய்யும்போது குடையோடு போய் மரங்கள் அடர்ந்த சரிவில் ஒரு மணி நேரம் நின்றேன். தரையில் தண்ணீர் வழிந்தோடும், அதுதான் ஓடைக்குப் போகும் என்று பார்க்கத்தான் போனேன். எதுவும் ஓடவில்லை. சருகு நனைந்தது, மண் குடித்தது, அவ்வளவுதான். ஆனால் கீழே வந்து பார்த்தால் கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மழை நின்று மூன்று மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போனது.

தரையில் ஓடாத தண்ணீர் ஓடைக்கு எப்படி வந்தது? மழையே இல்லாத 23 நாளும் வருவது எந்தத் தண்ணீர்?

கூழாங்கல்

சிறு துளி பெருவெள்ளம், ஐயா. சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் விழுவதெல்லாம் சேர்ந்து தாழ்வான இடத்துக்கு வரும். அதற்குப் பெயர் நீர்ப்பிடிப்புப் பகுதி. பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. கோடையில் வருவது ஊற்று நீராக இருக்கும். பூமிக்கடியில் பெரிய தேக்கம் ஏதாவது இருக்கும்.

ஓடைக்கரையான்

பழமொழி எனக்கும் தெரியும் தம்பி. துளி எந்த வழியாக வந்தது என்றுதான் கேட்கிறேன். தேக்கம் "இருக்கும்" என்றால், எங்கே?

மழைமானி

நான் 26 ஆண்டு ஓடைகளில் நீர்மட்டம் அளந்து சம்பளம் வாங்கியவன். உங்கள் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமானது இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்களே இதற்காகப் பல ஆண்டு சண்டை போட்டிருக்கிறார்கள்.

கூழாங்கல் சொல்லும் தேக்கம் உண்மைதான். ஆனால் அது பூமிக்கடியில் இருக்கும் குகைக்குளம் இல்லை. நீங்கள் குடையோடு நின்றீர்களே, அந்தச் சரிவுதான் தேக்கம். உங்கள் காலடி மண்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. மூத்தவர் ஒருவர், "குழி வெட்டி உள்ளே உட்கார்ந்து பார்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் வெட்டினேன். ஓடையிலிருந்து பத்தடி தள்ளி, சரிவின் அடிவாரத்தில், இடுப்பளவு ஆழம். மேட்டைப் பார்த்த பக்கத்துச் சுவரை மட்டும் கத்தியால் செதுக்கியதுபோல் சீராக வெட்டிவிட்டேன். மேலே ஒரு சாண் கறுத்த பொலபொல மண், வேர்கள் பின்னியது. அதன் கீழே பழுப்பு மண். முழங்கால் உயரத்தில் பிசுபிசுவென்று களிமண் தொடங்கியது. மேலே தார்ப்பாயைக் கட்டிவிட்டு, ஒரு மழை இரவில் கைவிளக்கோடு உள்ளே உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. வெளியே சடசடவென்று கொட்டுகிறது, குழிச்சுவர் காய்ந்தே இருக்கிறது. அப்புறம் பழுப்பு மண்ணும் களிமண்ணும் சேரும் கோட்டில் மட்டும் ஒரு பளபளப்பு. விரலால் தொட்டால் ஈரம். அது துளியாகி, துளி கோடாகி வழிந்தது. இன்னும் அரை மணியில், எப்போதோ செத்து மக்கிப்போன வேர் ஒன்று விட்டுச்சென்ற துளை, கட்டைவிரல் தடிமன் இருக்கும், அதிலிருந்து குழாயைத் திறந்துவிட்டது மாதிரி பீய்ச்ச ஆரம்பித்தது. தலையை நீட்டி மேலே பார்த்தேன். சருகின் மேல் ஒரு சொட்டு ஓடவில்லை. மழை நின்றது, துளை நிற்கவில்லை. மழை விட்ட பிறகுதான் அதிகமாகவே வந்தது. விடியும்வரை எண்ணிக் குறித்து வைத்தேன். கடைசியில் குறிப்பேடு குழித் தண்ணீரில் விழுந்து பாதி எழுத்து கரைந்துபோனது வேறு கதை.

உங்கள் மூன்று மணி நேரத் தாமதம் இதுதான். மழை மண்ணுக்குள் இறங்கி, இறுகிய அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் சரிவு போகும் திசையில் நகர்ந்து, ஓடைக்கரையில் கசிகிறது. மண்ணுக்குள் நடை மெதுவானது. வேர்த்துளை, எலிவளை, மண்புழு வழி கிடைத்தால் கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

1933இல் ராபர்ட் ஹார்ட்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு விளக்கம் சொன்னார். மண் உறிஞ்சும் வேகத்தை மழையின் வேகம் மிஞ்சினால், மிச்சம் தரைமேல் வழிந்து ஓடைக்குப் போகும் என்று. கேட்டால் உடனே சரி என்று படும். கட்டாந்தரையிலும், மாடு மிதித்து இறுகிய மண்ணிலும், கற்காரை (கான்கிரீட்) போட்ட இடத்திலும் அது சரியேதான். அங்கே ஓடை நிமிடங்களில் பொங்கும், அதே வேகத்தில் வற்றும். ஆனால் பலரும் அதையே எல்லா நிலத்துக்கும் பொருத்திவிட்டார்கள். காட்டுச் சரிவில் போய் நின்று பார்த்தவர்களுக்கு, உங்களைப்போல, எதுவும் ஓடுவது தெரியவில்லை.

1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் கொவீட்டா என்ற ஆய்வுக்காட்டில் ஜான் ஹியூலெட் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சரிவாக ஒரு நீண்ட கற்காரைத் தொட்டி கட்டினார்கள். அதில் மண்ணைக் கெட்டித்து நிரப்பி, நன்றாக நனைத்து, மேலே ஆவியாகாதபடி மூடிவிட்டார்கள். அடி முனையில் சொட்டுவதை அளந்தார்கள். மழை இல்லை, ஊற்று இல்லை, கீழே நிலத்தடி நீரும் இல்லை. வெறும் ஈரமண். நூறு நாளுக்கு மேல் சொட்டிக்கொண்டே இருந்தது! நாளுக்கு நாள் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. உங்கள் கழியில் 31 மெல்ல மெல்ல 19 ஆனதே, அதே கதை.

கூழாங்கல்லுக்கு ஒரு வார்த்தை. பூமிக்கடியில் தேக்கம் இருந்து ஊறுகிறது என்பது ரொம்பப் பழைய நம்பிக்கை. கடல்நீரே நிலத்துக்கு அடியில் ஏறி மலையில் ஊற்றாக வருகிறது என்றுகூட ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். ஆறு ஓடுமளவுக்கு மழை போதாது என்று அவர்களுக்கு எண்ணம். 1674இல் பியேர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சென் ஆற்றின் தலைப்பகுதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். இவ்வளவு நிலம், இவ்வளவு மழை, ஆற்றில் ஓடுவது இவ்வளவு. விழும் மழை, ஓடும் நீரைப்போல ஆறு மடங்கு வந்தது. மழை போதாது என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. இத்தனைக்கும் அவர் விஞ்ஞானி இல்லை, வரி வசூல் வேலையில் கடன்பட்டுப் பதவி இழந்தவர். கணக்குப் போடத் தெரிந்திருந்தது.

கூழாங்கல்

சரி, தேக்கம் என் வாய்க்கு வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்குது. மண்ணுக்குள் தண்ணீர் நாளுக்கு ஒரு முழமோ இரண்டு முழமோதான் நகரும் என்று படித்திருக்கிறேன். உச்சியில் விழுந்த மழை மூன்று மணி நேரத்தில் ஓடைக்கு எப்படி வரும்?

மழைமானி

வராது. அருமையான கேள்வி, முதல் பதிலுக்கு இதுவே பிராயச்சித்தம்.

தண்ணீர் முழுக்க நிரம்பிய ஒரு நீளக் குழாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த முனையில் ஒரு குவளை ஊற்றினால் அந்த முனையில் உடனே ஒரு குவளை கொட்டும். ஆனால் கொட்டுவது நீங்கள் ஊற்றியது இல்லை, ஏற்கெனவே உள்ளே கிடந்தது. ஈரமான சரிவும் ஏறத்தாழ அப்படித்தான். இன்றைய மழை உள்ளே இறங்கித் தள்ளுகிறது. போன மாத மழை, ஏன், போன வருட மழை, கரையில் வெளியே வருகிறது. தள்ளல் வேகமாகப் போய்ச் சேரும், தண்ணீர் மெதுவாகத்தான் போகும். இரண்டும் ஒன்றில்லை.

சும்மா சொல்லவில்லை, அளந்திருக்கிறார்கள். தண்ணீரிலேயே ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கும். அது ஒவ்வொரு மழையிலும் ஒவ்வொரு அளவு. மண்ணில் கிடக்கும் பழைய நீரில் எல்லா மழையும் கலந்து ஒரு சராசரி. வெள்ளத்தின்போது ஓடையில் எடுத்த நீரைச் சோதித்தால், எவ்வளவு புதிது, எவ்வளவு பழசு என்று பிரித்துவிடலாம். 1979இல் ஸ்க்லாஷ், ஃபார்வோல்டன் என்ற இருவர் கனடாவில் இப்படிப் பார்த்து எழுதிய கட்டுரை பலரைத் தூக்கிவாரிப்போட்டது. மழையில் பொங்கும் ஓடையில் பெரும்பங்கு பழைய தண்ணீர். அதற்குப் பிறகு எத்தனையோ காட்டோடைகளில் பாதிக்கு மேல் பழசு என்றே வந்திருக்கிறது.

ஆகவே ஓடைக்கரையான், கழியில் ஏறியதே அந்தத் தண்ணீர், அதில் பெரும்பகுதி உங்கள் குடைமேல் விழுந்தது இல்லை.

ஓடைக்கரையான்

ஐயா, அந்தக் குழியை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்று காலை ஓடைக்கரையை உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே கரைமண்ணில் ஒரு ஈரக்கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே பாசி, மேலே காய்ந்த மண். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காத கோடு. கையை வைத்தேன், ஐஸ் மாதிரி.

சாய்ந்த பாறை விஷயம் மட்டும் மிச்சம். ஓடையின் தொடக்கம் ஏன் நகர்கிறது?

மழைமானி

அந்த ஈரக்கோட்டை மேலே மேலே நீட்டிக்கொண்டே போங்கள், அதுதான் பதில். சரிவின் அடிவாரத்திலும், இரண்டு சரிவு கூடும் மடிப்புகளிலும் மண்ணின் நீர்மட்டம் தரையைத் தொடும். தொட்ட இடத்தில் ஊறும். மழைக்காலத்தில் அந்த ஊறல் மேட்டை நோக்கி ஏறும், வறண்டால் இறங்கும். ஓடையின் தலை என்பது அந்த ஊறல் முடியும் இடம். உங்கள் எண்பது தப்படி அந்த இறக்கம்தான்.

இதில் இன்னொரு விஷயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரம்பித் ததும்பும் அந்த ஈரத் துண்டின்மேல் விழும் மழைக்கு உள்ளே போக இடமில்லை. அது மட்டும் தரைமேல் நேராக ஓடைக்கு ஓடும். 1970இல் டன், பிளாக் என்ற இருவர் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஸ்லீப்பர்ஸ் ஆற்றுப் பகுதியில் இதைக் கண்ணால் பார்த்து அளந்தார்கள். நீங்கள் சரிவின் நடுவில் நின்றீர்கள், அதனால் ஓட்டம் தெரியவில்லை. அடுத்த மழையில் மடிப்பின் அடியில், கால் புதையும் இடத்தில் நில்லுங்கள். தெரியும்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்று வரைபடத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, அதற்குள் விழும் துளியெல்லாம் ஒரே மாதிரி ஓடைக்கு வருகிறது என்று நினைப்பதில் எனக்கு என்றைக்குமே உடன்பாடு இல்லை. கோட்டுக்குள்ளே சுறுசுறுப்பான ஒரு பகுதி இருக்கிறது. அது மூச்சு விடுகிற மாதிரி விரியும், சுருங்கும்.

சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமலும் போகும். உலகத்து ஆறு, ஓடைகளின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் வருடத்தில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகிறது என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. உங்கள் ஓடை 23 நாள் தாங்குவது அதன் மண்ணின் கனம்.

சமவுயரம்

கோட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதே, நான் வரைபடக்காரன், சும்மா இருக்க முடியவில்லை. மழைமானி ஐயா கோட்டைக் குறைத்துப் பேசினாலும், முதலில் கோடு வேண்டும்.

ஓடைக்கரையான், சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், போட்ட வரைபடம் ஒன்று எடுங்கள். உங்கள் கழி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. சமவுயரக் கோடு ஓடையைத் தாண்டும் இடத்திலெல்லாம் ஒரு கூர் மடிப்பு விழும், மடிப்பின் கூர் ஓடை வரும் திசையை, அதாவது மேட்டைக் காட்டும். முதுகுமேட்டில் அதே கோடு எதிர்ப்புறமாக, கீழ் நோக்கி வளையும். இதைக் கண் பழகிக்கொண்டால் போதும். கழியிலிருந்து ஒவ்வொரு சமவுயரக் கோட்டையும் செங்குத்தாக வெட்டிக்கொண்டே ஏறுங்கள், முதுகுமேட்டைப் பிடியுங்கள், முகடு முகடாகச் சுற்றி மறுபக்கமாகக் கழிக்கே வந்து சேருங்கள். நீங்கள் போட்ட கோடு எங்கேயும் ஓடையைத் தாண்டக் கூடாது, கழி இருக்கும் இடம் ஒன்றைத் தவிர. தாண்டினால் தப்பு. இந்தக் கோட்டைத்தான் நீர்ப்பிரிமேடு என்கிறோம். இந்தப் பக்கம் விழுந்தால் உங்கள் கழிக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் வேறு யாருடைய கழிக்கோ.

பரப்பு வேண்டுமா? மெல்லிய தாளில் படியெடுத்து, கட்டத்தாள்மேல் வைத்து எண்ணுங்கள். 1:50,000 வரைபடத்தில் இரண்டு மில்லிமீட்டர் கட்டம் ஒன்று சரியாக ஒரு ஹெக்டேர். ஓரத்தில் அரைகுறையாக வருவதை இரண்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். கணினியில் நொடியில் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். வரும். ஆனால் கையால் எண்ணியவனுக்குத்தான் எந்த மடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மனதில் நிற்கும்.

எல்லா முகடும் கத்திமுனை மாதிரி இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு குன்றுக்கு நடுவே கழுத்துப்போல் தாழ்ந்த தட்டை இடம் வந்தால் தலைவேதனை. நான் ஒரு முறை அப்படி ஒரு கழுத்தில் கோட்டை நேராக இழுத்துவிட்டேன். மழையில் போய்ப் பார்த்தால், பாதையோரத்தில் வெட்டிய ஒரு சின்னக் கால்வாய் ஒரு சரிவின் தண்ணீரை மொத்தமாக அடுத்த ஓடைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு மண்வெட்டி அகலக் கால்வாய், முப்பது ஹெக்டேர் தப்பு!

இயற்கையும் இப்படி விளையாடும். அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு சிற்றோடை மேட்டின்மேல் வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி கடைசியில் பசிபிக் போகிறது, மறு பாதி அட்லாண்டிக். தென் அமெரிக்காவில் காசிகியாரே என்ற ஆறு ஒரினோகோவிலிருந்து பிரிந்து அமேசான் பக்கம் போய்ச் சேருகிறது. இரண்டு பெரிய நீர்ப்பிடிப்புகளுக்கு நடுவே ஓர் ஆறே குறுக்கே ஓடினால் கோட்டை எங்கே போடுவது?

சுண்ணாம்புப் பாறை நாடு என்றால் தரைமேல் போட்ட கோட்டை நம்பவே கூடாது. ஜெர்மனியில் டானூப் ஆறு இம்மெண்டிங்கன் அருகே தன் படுகையிலேயே ஓட்டை வழியாக இறங்கிவிடுகிறது. வருடத்தில் பல நாள் அங்கே ஆறு வெறும் கல். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று 1877இல் சாயமும் உப்பும் கொட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி, ஆக் என்ற ஊற்றில், அறுபது மணி நேரம் கழித்துப் பச்சைப்பசேலென்று வந்தது. ஆக் ஓடுவது ரைன் ஆற்றுக்கு. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் முகட்டுக்கு அடியில் நழுவி வடகடலுக்குப் போகிறது.

கூழாங்கல்

அப்படியானால் பரப்பு பெரிதாக இருந்தால் ஆறும் பெரிதாக இருக்கும், இல்லையா?

சமவுயரம்

பாதி உண்மை. அமேசானின் நீர்ப்பிடிப்பு நைலைப் போல இரண்டு மடங்கு சொச்சம். ஆனால் ஓடும் நீர் எழுபது மடங்கு பக்கம். அமேசான் கடலில் கொட்டுவது விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர். அணைகள் வருவதற்கு முன்னாலும் நைல் எகிப்தின் அஸ்வானைத் தாண்டும்போது மூவாயிரத்துக்கும் குறைவுதான். நைலின் பரப்பில் பெரும்பகுதி கோட்டுக்குள் இருக்கிறதே தவிர, ஒரு சொட்டும் கொடுப்பதில்லை. அட்பாரா என்ற துணையாறு சேர்ந்த பிறகு கடல்வரை அதற்குச் சொல்லும்படியான துணையாறு ஒன்றுகூடக் கிடையாது. பாலைவனத்தில் ஆவியாகி இழப்பதுதான் மிச்சம்.

ஓடைக்கரையான்

மூன்று நாளாகக் கட்டம் எண்ணினேன். கண் எரிகிறது. முதல் தடவை 152, இரண்டாம் தடவை 140. முதலில் பக்கத்து மடிப்பைச் சேர்த்து எடுத்திருக்கிறேன், நேரில் போய் நின்றதும் அது அந்தப் பக்கம் சாய்வது தெரிந்தது. ஆக 140 ஹெக்டேர், அதாவது 1.4 சதுர கிலோமீட்டர்.

ஓடும் நீரையும் அளந்தேன். ஓடை நேராக ஓடும் பத்து மீட்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு காய்ந்த விதையை மிதக்கவிட்டேன். ஐந்து முறை. சராசரி 80 விநாடி. அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் பல இடத்தில் பார்த்து சராசரி 8. மேல்மட்டம்தான் வேகமாக ஓடும், அடியில் மெதுவாக ஓடும் என்பதால் 0.85ஆல் பெருக்கச் சொல்லிப் படித்தேன், பெருக்கினேன். விநாடிக்கு ஏழரை லிட்டர் பக்கம். ஒரு நாளைக்கு ஆறரை லட்சம் லிட்டர்! மழையே இல்லாமல்! கணக்கு தப்போ?

மழைமானி

தப்பில்லை. விதையை வைத்து இதைவிட நன்றாக அளக்க முடியாது. அந்த லட்சத்தைப் பார்த்து மிரளாதீர்கள், பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் 10 லட்சம் லிட்டர். உங்கள் 1.4 சதுர கிலோமீட்டரில் 14 லட்சம். நீங்கள் அளந்தது ஆறரை. அதாவது அந்த நிலம் முழுக்க ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் விட்டுக்கொடுக்கிறது. விரல் நகத்தின் கனம்தான். ஒரு நல்ல மழைநாளில் 40, 50 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். எத்தனை நாள் தாங்கும் என்று இப்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போனது அத்தனையும் ஓடைக்கு வராது. நிலத்தில் விழும் மழையில், உலகம் முழுவதற்குமாகப் பார்த்தால், ஐந்தில் மூன்று பங்கு மரம் செடி வழியாகவும் ஆவியாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது. மிச்சம்தான் ஆறு. பெரோ சென் ஆற்றில் கண்ட ஆறில் ஐந்து பங்கும் பெரும்பாலும் போனது அங்கேதான்.

ஓடைக்கரையான்

அதைச் சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. கழியில் ஒரு கோளாறு, கேட்கலாமா வேண்டாமா என்று விட்டுவிட்டேன். எப்போதும் காலையில்தான் பார்ப்பேன். இந்த வாரம் மாலையிலும் போனேன். காலை ஆறு மணிக்கு 18.2. மாலை ஐந்துக்கு 17.5. மறுநாள் காலை மறுபடி 18.0! மழை இல்லை. கழி சாய்கிறதோ என்று கல் வைத்து முட்டுக்கொடுத்தேன். அன்று மாலையும் இறங்கியது, மறுநாள் காலையும் ஏறியது. மேலே யாராவது பகலில் இறைக்கிறார்களோ என்று ஏறிப் போயும் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

மழைமானி

இறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள்தான் அவர்களுக்கு நடுவே நடந்து போயிருக்கிறீர்கள். கரையோர மரங்கள். பகல் வெயிலில் வேர் வழியாக, ஓடைக்கு வந்துகொண்டிருக்கும் நீரைப் பாதி வழியில் குடிக்கின்றன. இருட்டினால் நிறுத்திவிடும். ராத்திரி முழுக்கச் சரிவு கசிந்துகொண்டே இருக்கும், காலையில் மட்டம் ஏறியிருக்கும். வறண்ட நாளில், சின்ன ஓடையில் மட்டும் இது கண்ணுக்குத் தெரியும். நான் வேலையில் சேர்ந்து நாலாவது வருடம்தான் கவனித்தேன். நானும் முதலில் கருவியைத்தான் திட்டினேன்.

கழிக்கு வைத்த முட்டுக்கல்லை எடுத்துவிடுங்கள், அது ஓட்டத்தைத் திருப்பும். வானம் மூடிக்கிடக்கும் ஒரு நாள் வந்தால் அன்றைக்கும் இரண்டு வேளை பாருங்கள்.

ஓடைக்கரையான்

கல்லை எடுத்துவிட்டேன்.

நேற்று நாள் முழுக்க மேகம், ஒரு சொட்டு விழவில்லை. காலை 17.6. மாலை 17.5.

இன்று வெயில். மாலைக்காகக் காத்திருக்கிறேன்.